திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தராகச் சேர விரும்புபவர்களுக்கு

மனிதாபிமான நிறுவனமொன்றில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலைக்கு விளம்பரம் வந்தால் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அந்த வேலை என்ன, எந்தக் கடிதத்தை எந்த மேசைக்குக் கொண்டு போக வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. எனக்கும் இருக்கவில்லை. அலைந்து திரிந்துதான் எல்லாம் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் யார் யார் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

'சிறுவர் பாதுகாப்பு' என்று பெயரில் வரும் வேலைகள் எல்லாம் ஒன்றல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் உத்தியோகத்தர்கள் மாவட்ட, பிரதேச மட்டத்தில் இருக்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர்கள் மாகாணத் திணைக்களத்தின் கீழ் நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்பவர்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் அங்கே சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கும். இவர்கள் எல்லாரும் அரசாங்கத்தின் ஆட்கள்.

நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் உத்தியோகத்தருக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, சிறுவர் இல்லத்தில் சேர்க்க முடியாது, சந்தேக நபரை விசாரிக்க முடியாது. இரவில் இரக்கப்பட்டு ஒரு பிள்ளையை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் தெரிந்த இல்லத்தில் விட்டால், நல்ல மனதோடு செய்தாலும் அது சட்டத்துக்குப் புறம்பான காரியம்.

அப்படியானால் உங்கள் வேலை என்ன? ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காண்பது, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுவது, குடும்பத்தோடு இருந்து ஒரு திட்டம் போடுவது, அதிகாரம் உள்ளவரிடம் எழுத்தில் பாரப்படுத்துவது. அப்புறம் அந்தக் கோவை யாருடைய மேசையிலும் தூங்கிவிடாமல் விடாமல் பின்தொடர்வது. கடைசியாகச் சொன்னதுதான் வேலையின் பெரும்பகுதி. இதைப் புரிந்துகொண்டு விண்ணப்பிப்பவர் நேர்முகத்திலும் தேறுவார், களத்திலும் பிள்ளைக்கு உதவுவார்.

2. தகைமை: எது கட்டாயம், எது கைகொடுக்கும்

பெரும்பாலான விளம்பரங்கள் சமூகவியல், உளவியல், சமூகப்பணி போன்ற பட்டம் கேட்கும். பட்டம் இல்லாதவர்கள் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் சமூகப்பணி டிப்ளோமாவையும் கள அனுபவத்தையும் காட்டி உதவி உத்தியோகத்தராக, சமூகத் தொண்டராக நுழையலாம். பாலர் பாடசாலையில் படிப்பித்தது, சிறுவர் கழகம் நடத்தியது, வெள்ள நேரத்தில் முகாமில் வேலை செய்தது எல்லாம் அனுபவம்தான். சுயவிபரக்கோவையில் விடாமல் எழுதுங்கள்.

மொழி பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பிள்ளைகளோடு பேச்சு தமிழில். அறிக்கை ஆங்கிலத்தில். பொலிஸில் முறைப்பாட்டுப் பிரதியோ சட்ட வைத்திய அதிகாரியின் படிவமோ சிங்களத்தில் வரலாம். மொரவெவ, கோமரங்கடவல, பதவி ஸ்ரீபுர பக்கம் போனால் சிங்களம் இல்லாமல் பெரும்பாலான வீடுகளில் பேச முடியாது. பேச்சுச் சிங்களத்தையாவது இப்போதே பழகத் தொடங்குங்கள்.

காசில்லாமல் படிக்க இணையத்தில் காயா, டிசாஸ்டர்ரெடி, யுனிசெஃப்பின் அகோரா என்ற தளங்கள் இருக்கின்றன. சிறுவர் பாதுகாப்பு, உளவியல் முதலுதவி, பாலியல் சுரண்டலைத் தடுத்தல் ஆகிய மூன்று பாடங்களையும் முடித்துச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். மனிதாபிமானப் பணியில் சிறுவர் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச நியமங்கள் என்ற கைநூலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 28 நியமங்கள் இருக்கின்றன. முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆரம்பத்தில் வரும் கோட்பாடுகளையும் கேஸ் முகாமைத்துவம் (ஒரு பிள்ளையின் விசயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கையாளும் முறை) பற்றிய நியமத்தையும் ஆறுதலாக வாசியுங்கள்.

மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் இன்றே அதற்கு இறங்குங்கள். வெருகலிலும் புல்மோட்டையிலும் பஸ்ஸை நம்பிக் களவேலை செய்ய முடியாது. பெண் பிள்ளைகளுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்கிறேன்: பாதிக்கப்பட்ட சிறுமிகளோடு பேசப் பெண் உத்தியோகத்தர்தான் தேவை. ஸ்கூட்டி ஓடத் தெரிந்த பெண்ணை எந்த நிறுவனமும் லேசில் விடாது.

3. ஆவணங்கள்: விளம்பரம் வரும் முன்பே கோவையைத் தயாராக்குங்கள்

விளம்பரம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. விண்ணப்பத்துக்கு ஒன்றிரண்டு வாரம்தான் தருவார்கள். இவையெல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும்:

- தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்
- சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பட்டம் அல்லது டிப்ளோமா, பாடப் புள்ளிப் பட்டியல்
- கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன்
- பொலிஸ் அறிக்கை
- சாரதி அனுமதிப்பத்திரம், வண்டி உங்களுடையதென்றால் அதன் பதிவும் காப்புறுதியும்
- முன்பு வேலை செய்த இடங்களின் சேவைக் கடிதம்
- வரி அடையாள இலக்கம், வங்கிக் கணக்கு விபரம்

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பட்டத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். மூன்றும் ஒரே ஆளா என்று மனிதவளப் பிரிவு கேட்கும். சமாதான நீதவான் ஒருவரிடம் எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது பொலிஸ் அறிக்கை. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் தரும் நன்னடத்தை அறிக்கை வேறு, பொலிஸ் தலைமையகத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்து எடுக்கும் நற்சான்று வேறு. எது வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்ட பிறகே காசு கட்டுங்கள். இடம்பெயர்வால் பல முகவரிகளில் இருந்தவர்கள் எல்லா முகவரிகளையும் காலத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் திரும்பி வரும். எத்தனை இடத்தில் இருந்தோம் என்பது எங்கள் தலைமுறையில் பலருக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் அம்மாவைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது கிராம உத்தியோகத்தர். அவர் பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும்தான் அலுவலகத்தில் இருப்பார், மற்ற நாட்களில் களத்திலோ பிரதேச செயலகத்திலோ நிற்பார். போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். சான்றிதழை மிக முந்தி எடுத்தும் பயனில்லை. ஆறு மாதம் கடந்ததைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

சுனாமியிலோ யுத்தத்திலோ பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். கணினியில் ஏறிய பதிவென்றால் பிறந்த ஊர் செயலகத்துக்கே போக வேண்டும் என்றில்லை.

செலவைப் பற்றி: புகைப்படப் பிரதி, படம், முத்திரை எல்லாம் சில்லறைச் செலவுதான். காசைத் தின்பது மொழிபெயர்ப்பு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பக்கக் கணக்கில் வாங்குவார். அதனால் கேட்காத ஆவணத்தை மொழிபெயர்க்காதீர்கள். பொதுவாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்கே ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்கிறார்கள். பரீட்சைப் பெறுபேற்றைத் திணைக்களத்திடமிருந்தே ஆங்கிலத்தில் எடுத்துவிடலாம். வரி அடையாள இலக்கத்துக்குக் காசு இல்லை, இணையத்தில் நீங்களே பதியலாம். அதைச் செய்து தருகிறேன் என்று காசு கேட்கும் கடைக்குப் போக வேண்டாம்.

4. எங்கே, எப்போது தேடுவது

ரிலீஃப்வெப், டொப்ஜொப்ஸ் என்ற இணையத்தளங்கள், ஒவ்வொரு நிறுவனத்தினதும் சொந்தத் தளம் ஆகிய மூன்றையும் பாருங்கள். உள்ளூர் நிறுவனங்கள் பத்திரிகையிலோ பிரதேச செயலக அறிவித்தல் பலகையிலோ மட்டும் போடுவதுண்டு. யுனிசெஃப் போன்றவை பெரும்பாலும் உள்ளூர் நிறுவனங்களின் கையில் கொடுத்தே கிராம மட்ட வேலைகளை நடத்துகின்றன. ஆகவே கொடையாளரின் பெயரைத் தேடாமல் பங்காளி நிறுவனத்தைத் தேடுங்கள்.

புதிய திட்டங்கள் ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டி ஆரம்பிப்பதால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் விளம்பரம் கூடும். அதே காலம்தான் நமக்கு மாரி. வெள்ளம் வந்தால் மூன்று மாத அவசர ஒப்பந்தங்கள் திடீரென்று வரும். அனுபவம் இல்லாதவர்களுக்கு அதுவே நல்ல வாசல்.

வேலைக்கு எடுக்க 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' கேட்டால் அது மோசடி. எந்த மனிதாபிமான நிறுவனமும் விண்ணப்பதாரரிடம் காசு வாங்காது.

5. எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும்

எழுத்துப் பரீட்சையில் அனேகமாக ஒரு சம்பவத்தைத் தந்து 'என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். உதாரணமாக, 14 வயதுச் சிறுமி பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள், அம்மா குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறாள், வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் மேல் ஆசிரியைக்குச் சந்தேகம். நிறையப் பேர் எழுதும் பதில்: 'வீட்டுக்குப் போய் அந்த உறவினரைக் கேட்பேன்.' அந்த ஒரு வரியோடு புள்ளி போய்விடும், நிஜத்தில் பிள்ளைக்கு ஆபத்தும் கூடிவிடும்.

பதிலை இந்த ஒழுங்கில் எழுதுங்கள். பிள்ளை இன்று இரவு பாதுகாப்பாக இருப்பாளா? அவளிடம் துருவித் துருவிக் கேட்காமல், சொல்ல வருவதைக் கேட்பேன். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்; யாரிடம், எதற்காகச் சொல்வேன் என்று அவளுக்குப் புரியச் சொல்வேன். மேற்பார்வையாளருக்கு அன்றே அறிவிப்பேன். பாலியல் துஷ்பிரயோகச் சந்தேகம் என்றால் பொலிஸ் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கோ அறிவிப்பேன். வைத்தியசாலை ஏற்பாடு செய்வேன். நடந்ததை மட்டும் எழுதுவேன், என் ஊகத்தை எழுத மாட்டேன்.

இலக்கங்களை மனதில் வையுங்கள். சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால்தான் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பயன்படும். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடான பாலுறவு, அவள் சம்மதித்தாள் என்று சொன்னாலும் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம்தான். 'ரெண்டு பேரும் விரும்பித்தானே போனவை' என்று ஊரில் சொல்வார்கள். நேர்முக அறையில் உங்கள் வாயில் அது வரக்கூடாது.

விளம்பர முடிவுத் திகதியிலிருந்து ஒப்பந்தம் கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் போகும். பரிந்துரையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடாததால் தாமதமாகும் நியமனங்கள் நிறைய.

6. கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தம் திட்டத்தின் முடிவுத் திகதியோடு முடியும் என்பதை ஏற்றுக்கொண்டே சேர வேண்டும். பார்க்க வேண்டியவை: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம். சில இடங்களில் முழுநேர வேலை வாங்கிக்கொண்டே 'ஆலோசகர்' என்று பெயர் போட்டு இவை ஒன்றுமில்லாமல் ஆக்குவார்கள். சம்பளத் தொகை பெரிதாகத் தெரியும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பெற்றோல் கொடுப்பனவு கிலோமீற்றருக்கா, மாதத்துக்கு ஒரே தொகையா என்று கேளுங்கள். நகரத்திலிருந்து வெருகல் போய்வருபவருக்கு ஒரே தொகை கட்டாது. பயணக் காசு செலவழித்த பிறகுதான், அநேகமாக அடுத்த மாதம் கைக்கு வரும். ஒரு மாதப் பெற்றோலுக்குக் காசு கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். விபத்துக் காப்புறுதி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. முதல் மாதம் கடிதங்களோடு போகும்

உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிராமத்துக்குள் இறங்க முடியாது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. நிறுவனம் எந்தெந்தப் பிரிவில் வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரதேச செயலாளருக்கு உங்கள் பெயரோடு அறிமுகக் கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்கிக் கோவையில் போடுங்கள். பாடசாலைக்குள் போக வலயக் கல்வி அலுவலகத்தின் கடிதம் வேண்டும். வலயங்களும் பிரதேச செயலகப் பிரிவுகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று வலயங்கள் ஐந்துதான். பாடசாலை எந்த வலயம் என்று கேட்காமல் கடிதம் கொண்டுபோனால் அதிபர் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். அவர் செய்வது சரிதான்.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் பிரிவின் பொறுப்பதிகாரி, குடும்பநல உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தார். கேஸ் வரும் முன்பே இவர்களோடு ஒரு தேநீர் குடித்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளைக்காகப் போன் எடுக்கும்போது, பழகிய குரலுக்குத்தான் ஆள் எழும்பி வருவார்.

8. முதல் வீட்டுக்குப் போகும்போது

நிறுவனத்தின் சின்னம் போட்ட வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் விறகு பொறுக்குவார், ஒருவர் சும்மா கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவார், காது இங்கேதான் இருக்கும். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. கோயிலடியிலோ கடையடியிலோ வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். ஒழுங்கையில் வேறு இரண்டு வீடுகளுக்கும் போய் வாருங்கள், எந்த வீட்டுக்காக வந்தீர்கள் என்று தெரியாது.

பிள்ளையின் படம் எடுக்க வேண்டாம். பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அது அலுவலகக் குழுவாக இருந்தாலும் சரி. கேஸ் இலக்கம் மட்டும். கோவை பூட்டிய அலுமாரியில், போனுக்குக் கடவுச்சொல்.

ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு 'பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கோ, பேசி முடிப்பம்' என்பார்கள். மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: 'ஐயா, இது எனக்குப் பேசித் தீர்க்க அதிகாரம் இல்லாத விசயம். நான் அறிவிக்காமல் விட்டால் என் வேலையும் போகும், பிள்ளைக்கும் நீதி கிடைக்காது.' அதிகாரம் இல்லை என்ற உண்மை இந்த இடத்தில் உங்களுக்குப் பெரிய காவல்.

எழுத்தில் பாரப்படுத்திய பிறகு ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். வழக்குத் தவணைத் திகதிகளை நாட்குறிப்பில் எழுதுங்கள். தவணை தள்ளிப் போகும், தள்ளிப் போகும். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவுக்குப் பஸ் காசு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். காசில்லாமல் தாய் நீதிமன்றம் வராமல் போவதால் இழுபடும் வழக்குகளைக் கண்டிருக்கிறேன்.

9. வெள்ள காலம்

வெருகல், மூதூர், கிண்ணியா, சேருவில பக்கம் உங்களை வேலைக்குப் போட்டால் மார்கழியில் நீங்கள் முகாமில்தான் நிற்பீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது அந்தப் பக்கச் சனங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட வேண்டி வந்தது. அப்படியான முகாமொன்றில் சிறுவர் நேய இடம் (பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாடும் இடம்) அமைக்கப் பாய் விரிப்பதற்கு முன்னம் கழிவறைப் பக்கம் போங்கள். கதவுக்கு உள்ளே கொண்டி இருக்கிறதா, போகிற வழியில் மின்குமிழ் எரிகிறதா என்று பாருங்கள். முகாமாக மாறும் பாடசாலைகளில் கழிவறைக் கதவுகளின் கொண்டி உடைந்திருப்பது சாதாரணம். அதனால் இருட்டின பிறகு பெண்பிள்ளைகள் போவதில்லை, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஹார்ட்வெயார் கடையில் கொண்டியும் ஆணியும் வாங்க அலுவலகச் சில்லறைக் காசு போதும். அனுமதிப் படிவத்துக்காக மூன்று நாள் காத்திருக்க வேண்டிய செலவல்ல அது.

தாய் தகப்பன் இல்லாமல் முகாமுக்கு வந்த பிள்ளைகளை முதல் நாளே பதியுங்கள்: பெயர், எந்த ஊர், யாரோடு வந்தது, கடைசியாக யாரை எங்கே கண்டது. பட்டியலை முகாமில் ஒட்டாதீர்கள். 'நான் இந்தப் பிள்ளையின் மாமா' என்று வருபவரை நம்பி அனுப்பவும் வேண்டாம். கிராம உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் உறுதிப்படுத்தட்டும்.

10. திட்டம் முடிகிறபோது

முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே புதிய கேஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு, திறந்திருக்கும் ஒவ்வொன்றையும் யாரிடம் கையளிப்பது என்று பட்டியல் போடுங்கள். நீதிமன்றத்தில் இருப்பவை நன்னடத்தை உத்தியோகத்தருக்கு, மற்றவை சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு. குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்கள் முன்னிலையிலேயே புதியவரை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். நாளைக்கு யாருக்குப் போன் எடுப்பது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 1929ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், காசில்லாத அழைப்பு, தமிழிலும் பேசலாம்.

உங்களுக்கு வர வேண்டியதையும் அந்த வாரமே முடியுங்கள்: சேவைக் கடிதம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், எடுக்காத விடுமுறைக்கான கொடுப்பனவு, நிலுவையில் இருக்கும் பயணக் காசு. அலுவலகம் மூடிய பிறகு இவற்றுக்குக் கையெழுத்து வைக்க ஆளைத் தேடிக் கொழும்புக்கு அலைய வேண்டி வரும்.